அப்டேட்டை நிறுத்தாதீர்கள்

"அப்டேட் போட்டதும் பழைய சாஃப்ட்வேர் ஓடவில்லை" என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். இது புதிதல்ல. 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் இணைப்பை நம்பியிருந்த பல புரோகிராம்கள் நின்றுபோயின. புது வாட்ச்மேன் தினமும் வரும் பால்காரரையும் கேட்டில் நிறுத்துவது போலத்தான்.

அதற்காக அப்டேட்டை நிறுத்திவிடாதீர்கள். 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்தது. அந்த அப்டேட்டைப் போடாத கணினிகளில் மே மாதம் வானாக்ரை புகுந்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே திண்டாடின.

முதலில் பேக்கப் எடுங்கள், பிறகு அப்டேட் போடுங்கள். ஏதாவது நின்றால், சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் புது வெர்ஷன் கேளுங்கள்.