புகையேறிப் போகும் உயிர்கள்

2015 புகைமூட்டம் நினைவிருக்கிறதா? சுமத்ராவில் சதுப்புக் காடுகள் எரிய, நீரிணை தாண்டி வந்த புகையால் நம் லாபு ஊர் உள்ள நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பள்ளிகளையே மூடினார்கள்.

இப்படிப்பட்ட நெருப்பில் உயிர்கள் எல்லாம் செத்துவிடும் என்றுதானே நினைக்கிறோம்? ஆனால் தீ எங்கும் ஒரே சூட்டில் எரிவதில்லை. மேலெழும் வெப்பக்காற்று, மண்ணிலும் இலையிலும் உள்ள பாக்டீரியாவையும் பூஞ்சை வித்துகளையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அமெரிக்காவின் யூட்டாவில் லெடா கோப்சியார் குழு டிரோன் அனுப்பிக் காட்டுத்தீப் புகையைப் பிடித்துப் பார்த்தது. சாதாரணக் காற்றைவிட நான்கு மடங்கு நுண்ணுயிர்கள். முக்கால்வாசிக்கு மேல் உயிரோடு!

வேடிக்கை என்னவென்றால், யுகட்டான் தீபகற்பத்துக் காட்டுப்புகை கடல் கடந்து டெக்சாஸ் வந்தபோது, அதில் பூஞ்சை வித்துகளைக் கண்டுபிடித்தவர் சாரா மிம்ஸ். 2004இல் தந்தையோடு ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்டார். கண்டுபிடித்தபோது அவர் பள்ளி மாணவி.