மெருகில் எவ்வளவு நீர்?



மரச் சாமான்களுக்கு மெருகேற்றும் லாக்கரைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகின்றேன். பழைய லாக்கர், நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைத் தின்னரில் கரைத்துச் செய்வது. 1920களில் மோட்டார் கார்களுக்குப் பூசப்பெற்றுப் புகழடைந்தது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடைத்த அறையில் சுவாசித்தால் தலை சுற்றும். ஆதலின் தின்னருக்குப் பதிலாகப் பெரும்பாலும் நீரையே கொண்ட லாக்கர் இப்பொழுது பல பட்டறைகளில் புகுந்துள்ளது.

இது கெட்டியாக இருப்பின், ஸ்பிரே கன்னிலிருந்து நுண்துளியாகச் சிதறாமல், ஆரஞ்சுத் தோல்போல மேடும் பள்ளமுமாகப் படியும். “நீரில் ஆனதுதானே, இன்னும் கொஞ்சம் ஊற்றினால் என்ன?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான வினாவே. விடை நம் அடுக்களையில் இருக்கின்றது.

வெல்லப் பாகு ஒரு கரைசல். நீர் மிகுந்துவிட்டால் காய்ச்சி மீண்டும் பாகாக்கலாம். பழைய லாக்கர் அத்தகையது. மிகுந்த தின்னர் ஆவியாகிப் போனபின், மெல்லியதாகவேனும் படலம் உண்டாகிவிடும். பால் அவ்வாறன்று. அதன் கொழுப்பு நீரில் கரையாமல் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றது. நீர் லாக்கரும் பாலைப் போன்றதே. டப்பாவில் அது வெண்மையாகத் தோன்றுவதும் அதனாலேயே. நீர் ஆவியாக ஆக, மிதக்கும் பிசின் துகள்கள் நெருங்குகின்றன. உடன் சேர்த்துள்ள சிறிதளவு கரைப்பான் அவற்றை இளக்கி ஒன்றோடொன்று இணைக்கின்றது. நீரை அளவின்றி ஊற்றினால் இந்தச் சேர்மானம் குலையும். நீர் கலந்த பால் கெட்டித் தயிராக உறையாததைப் போலப் படலமும் வலுவிழக்கும். பல நாள் உழைத்துச் செய்த பீரோவைத் தச்சர் மீண்டும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதற்குத் தனிக்கூலி எவரும் கொடார்.

எவ்வளவு சேர்க்கலாம்? டப்பாவின்மேல் அச்சிட்ட அளவே அளவு. பொதுவாக அது 5 முதல் 10 சதவிகிதம். அதாவது 1 லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர். கண்ணளவில் நம்பிக்கை வைக்கவேண்டாம். ஃபோர்டு கோப்பை என்றொரு எளிய கருவி உண்டு. அதன் 4ஆம் எண் கோப்பையின் அடியில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் துளை இருக்கும். அதில் லாக்கரை நிரப்பித் துளையைத் திறந்து, ஒழுக்கு அறும்வரை நொடிகளை எண்ணுக. குளிர்ந்த காலையில் எண்ணியதும் நண்பகலில் எண்ணியதும் ஒன்றாகா. வெப்பம் ஏறினால் குழம்பு இளகும். ஆகவே குளிரில் கெட்டித்ததை நீரூற்றித் திருத்தாமல், அறைச் சூட்டுக்கு வரவிடுவதே முறை. அப்பொழுதும் கெட்டியாயின், சற்றுப் பெரிய துளையுள்ள முனையை மாட்டிப் பார்க்கலாம்.

உவர்க் கிணற்று நீர் ஆகாது. அதிலுள்ள உப்புக்கள் துகள்களைத் திரட்டிவிடக்கூடும். காய்ச்சி வடித்த நீரே நன்று. பழைய தின்னரை ஊற்றினாலோ, எலுமிச்சை பிழிந்த பால்போல் திரிந்துபோகும்.

இன்னொன்று. நீர் பட்டால் மரத்தின் நார் எழும்பிச் சொரசொரப்பாகும். ஆகவே முதலில் பலகையை ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு, எழுந்த நாரை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடுக. பின்னர், கலந்த லாக்கரை வடிகட்டி, கழிவுப் பலகை ஒன்றில் தெளித்துப் பார்த்த பிறகே பீரோவின்பக்கம் திரும்புக.