கட்டளையால் வரையும் வரைபடம்



கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்து கணிப்பொறியைக் கொண்டு அறிவியல் வரைபடம் வரைவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். வெள்ளி விழா மேடைக்கு இது பொருந்துமா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நான் கருதுகிறேன். அதன் காரணம் சிறிது நேரத்தில் தானே விளங்கும்.

நமக்கு அருகிலிருந்தே தொடங்குவோம். சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தருகே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கழிமுக நீரின் உப்புத்தன்மையை அங்கே மாதந்தோறும் அளந்து எழுதுகிறார்கள். அந்த எண்களை ஒரு தாளில் வரிசையாகக் கண்டால் நமக்கு ஒன்றும் தோன்றாது. அவற்றையே கோடாக வரைந்துவிட்டால், கோடையில் ஏறிய உப்பு, ஐப்பசி கார்த்திகை மழை வெள்ளம் வந்தவுடன் இறங்குவது படிக்காதவர் கண்ணுக்கும் தெரியும். பள்ளியில் வரைபடத்தாளில் நாம் கற்றதும் இதுவே. கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் அளவு, ஓரத்தில் அளவுத்திட்டம்.

இதனைக் கணிப்பொறியில் செய்ய இரண்டு வழிகள் உண்டு. திரையிலுள்ள படங்களைச் சுட்டியால் அழுத்தி அழுத்தி வரைவது ஒன்று. இன்னது செய் என்று எழுத்தில் கட்டளையிட்டு வரைவது மற்றொன்று. முதல் வழி எளிது. ஆனால், எதை அழுத்தினோம், எதை மாற்றினோம் என்பதற்கு அதில் எளிதில் தடயம் இராது. இரண்டாம் வழியில் ஒவ்வொரு செயலும் ஒரு கோப்பில் வரியாக நிற்கும். வேறொருவர் அதைப் படித்துப் பார்க்கலாம், குறை காணலாம், தாமே ஓட்டி அதே படத்தைப் பெறலாம்.

இவ்வாறு கட்டளையால் வரையும் கருவிகள் பல. அவற்றுள் 'நூபிளாட்' என்பதை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். 1986-ஆம் ஆண்டில் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்னும் இரு அமெரிக்க மாணவர்கள் இதை எழுதினார்கள். ஒருவர் வகைக்கெழுச் சமன்பாடுகளும், மற்றவர் மின்காந்தவியலும் பயின்றுகொண்டிருந்தார்கள். பாடத்தில் வரும் சமன்பாட்டைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவலே இக்கருவிக்கு மூலம். பெரிய நிறுவனம் எதுவும் அவர்களைக் கேட்கவில்லை. தம் படிப்புக்காகவே எழுதினார்கள். இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். விலை இல்லை. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. நம் பள்ளிகளில் மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறியிலும் ஓடும்.

கட்டளைகள் ஆங்கிலச் சொற்கள்தாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். இருபது சொற்களுக்கு மேல் தொடக்கத்தில் தேவைப்படாது. 'செட்' என்றால் ஏற்பாடு செய் என்று பொருள், 'பிளாட்' என்றால் வரை என்று பொருள். 'யூசிங்' என்று எழுதி 1:2 என்று குறித்தால், முதற்பத்தியைக் கிடை அச்சிலும் இரண்டாம் பத்தியைச் செங்குத்து அச்சிலும் வைக்கும். ஓர் எழுத்துப் பிழையானால் வரைய மறுத்து, எந்த இடத்தில் தடுமாறியது என்று குறியிட்டுக் காட்டும். சில ஆசிரியர்களைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

இப்போது பயிற்சிக்கு ஒரு கோப்பு. உப்புத்தன்மையை விட்டு நம்மைப் பற்றிய எண்களையே எடுத்துக்கொள்வோம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் எழுத்தறிவு விழுக்காடு இது. முதற்பத்தி ஆண்டு, இரண்டாவது, நாட்டின் மொத்த மக்கள், மூன்றாவது, பட்டியல் சாதியினர்.

1961 24.02 10.27
1971 29.45 14.67
1981 36.23 21.38

1991 52.21 37.41
2001 64.84 54.69
2011 72.99 66.07

இரண்டு கோடுகளை வரையச் சொன்னால் இரண்டும் மேல்நோக்கி ஏறும். பார்ப்பவர் மகிழ்ந்து, முன்னேற்றம் என்று சொல்லி எழுந்து போய்விடுவார். நீங்கள் எழுந்துவிடாதீர்கள். இரண்டாம் பத்தியிலிருந்து மூன்றாம் பத்தியைக் கழித்து வரை என்று இன்னொரு கட்டளை கொடுங்கள். கணக்கை அக்கருவியே செய்துகொள்ளும். அப்போது வரும் மூன்றாம் கோடு வேறு கதை சொல்கிறது. 1961-இல் இடைவெளி 13.75. 1971-இல் 14.78. 1981-இல் 14.85. இருபது ஆண்டுகளில் நாமும் ஏறினோம், நாடும் ஏறியது. இடைவெளி குறையவில்லை, சிறிது கூடவும் செய்தது. 1991-இலும் 14.80. அதன் பிறகே 2001-இல் 10.15 என்றும், 2011-இல் 6.92 என்றும் இறங்குகிறது. ஏறும் இரு கோடுகளைப் பார்த்த கண்ணுக்கு இது தெரியாமற் போயிருக்கும்.

கோப்பின் நடுவில் ஒரு வரி வெறுமையாக இருப்பதைக் கவனித்தீர்களா? அது அச்சுப்பிழையன்று. 1981 வரையிலான எண்கள் கைக்குழந்தைகள் உட்பட எல்லா வயதினரையும் வைத்துக் கணக்கிட்டவை. 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். 1981-ஆம் ஆண்டு எண்ணையே புதிய முறையில் கணக்கிட்டால் 36.23 என்பது 43.57 ஆகிவிடுகிறது. ஒரு பிள்ளைகூடப் புதிதாக எழுத்தறியாமலே ஏழு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம்! ஆகவே 1981-ஐயும் 1991-ஐயும் ஒரே கோட்டால் இணைப்பது நேர்மையாகாது. தரவுக் கோப்பில் ஒரு வெற்று வரி விட்டால் நூபிளாட் அவ்விடத்தில் கோட்டை முறித்துவிடும். '#' குறியிட்டுத் தொடங்கும் வரியை அது படிக்காது. அங்கே முறிவின் காரணத்தை, நாளைக்குப் படிப்பவருக்காக, தமிழில் எழுதி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. செங்குத்து அச்சு எங்கே தொடங்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், எண்களைப் பார்த்து அக்கருவியே ஓர் எல்லையை வகுத்துக்கொள்ளும். 60 முதல் 75 வரை மட்டும் காட்டினால் 2011-இன் இடைவெளி மலைபோல் தோன்றும். சுழியம் முதல் 100 வரை காட்டினால் சிறு பிளவாகத் தோன்றும். எண் ஒன்றே, தோற்றம் இரண்டு. விழுக்காட்டுக்குச் சுழியம் முதல் 100 வரை என்பதையே நான் விரும்புவேன். நமக்கு வசதியான தோற்றத்தை நாமும் தேடக்கூடாது. எப்படியாயினும் எல்லை கட்டளை வரியில் வெளிப்படையாக நிற்பதால், எவரும் ஒளிக்க முடியாது.

எண்ணையும் கோட்டையும் கொண்டு தம் மக்களின் நிலையை உலகுக்குக் காட்டியவர்கள் முன்பே உண்டு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக, அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து ஏறத்தாழ 60 வரைபடங்களைக் கையாலேயே மையிட்டு வண்ணம் தீட்டினார். அவற்றுள் ஒன்று, கறுப்பின மக்களின் எழுத்தறியாமையை ரஷ்யா, ருமேனியா முதலிய ஐரோப்பிய நாடுகளின் நிலையோடு பக்கத்தில் வைத்துக் காட்டியது. இவர்களால் கல்வி பெற முடியாது என்று பேசியவர்களுக்கு அது மறுமொழி. அதே டுபாய்ஸுக்குத்தான் 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார்.

நம் வரைபடம் 1961-இல் தொடங்குகிறது. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916-இல். அதாவது நம் தாளின் இடது ஓரத்துக்கும் 45 ஆண்டுகள் அப்பால். அந்த உழைப்பு இந்தப் படத்துக்குள் வரவில்லை என்பதையும் மனத்தில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2011-இல் மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதியினர் 73.26. இடைவெளி ஏழுக்கும் குறைவு. ஆனால் நம்முள் ஆண்களையும் பெண்களையும் பிரித்து வரைந்து பாருங்கள். ஆண்கள் 80.94, பெண்கள் 65.64. இடைவெளி 15.30. நாட்டுக்கும் நமக்கும் இருந்த இடைவெளி மேலே காட்டிய ஆண்டுகள் எதிலும் இவ்வளவு இருந்ததில்லை. இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இடைவெளி. மேடையில் இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். வரைந்து சுவரில் ஒட்டினால் இன்னும் கசக்கும். ஒட்டத்தான் வேண்டும்.

சுவரில் ஒட்டுவதானால் எழுத்து தமிழில் இருக்கட்டும். குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்று ஒரு கட்டளை, 'பி.என்.ஜி கெய்ரோ' என்னும் வெளியீட்டு முறை, ஒரு தமிழ் எழுத்துரு, இம்மூன்றும் இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் அச்சின் பெயர்கள் வரும்.

கழக நூலகத்தில் தரவுக் கோப்பையும் கட்டளைக் கோப்பையும் வைத்திருக்கிறேன். முதலில் அவற்றை அப்படியே ஓட்டிப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து, தலைமையாசிரியரின் இசைவு பெற்று, வகுப்புவாரியாக எத்தனை பெண்பிள்ளைகள் என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்து உங்கள் கோப்பை எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம். அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வரும்போது நூலகக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். அதை உங்களில் யாரேனும் ஒருவர் சேருங்கள். கட்டளைகளை மாற்றத் தேவையிராது.