ஓடுது, ஆனா தையல் விடும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பழைய பொருள் ஏலக் குழு சார்பில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

நம்ம செல்போன் குழுவுல ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்சு திங்கள் ராத்திரி எட்டு மணிக்கு முடியிற ஏலத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எவ்வளவு பொருள் போச்சு, எவ்வளவு பணம் வந்துச்சுங்கிற கணக்கைப் பொருளாளர் படிச்சிட்டாங்க. அதனால நான் வேற ஒண்ணு சொல்றேன். அந்த ஏலத்துல பொருளுக்குக் கீழே நாலு வரி எழுதிப் போடுறோமே, அந்த நாலு வரியைப் பத்தித்தான். அதை எழுதுற வேலை எனக்கு எப்படி வந்துச்சுன்னு பல பேருக்குத் தெரியாது. நல்லா எழுதுவேன்னு யாரும் கொடுக்கலை. நான் பண்ணின ஒரு தப்பாலதான் வந்துச்சு.

ஏலம் ஆரம்பிச்ச புதுசு. எங்க வீட்டுல ஒரு பழைய தையல் மெஷின் இருந்துச்சு, கால்ல மிதிக்கிறது. எங்க மாமியார் காலத்துது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, பையனுக்கும் பொண்ணுக்கும் நோட்டு, பை, செருப்பு வாங்கணும். மெஷினை ஏலத்துல போட்டேன். "தையல் மெஷின், நல்ல கண்டிஷன், ஓடுது" அப்படின்னு எழுதினேன். சும்மா எழுதினா நம்ப மாட்டாங்கன்னு வீடியோவும் எடுத்துப் போட்டேன். வாயில் துணி ஒண்ணை வச்சு ஒரு முழம் தைச்சேன். தையல் சீரா விழுந்துச்சு. பார்த்தவங்க எல்லாம் அருமைன்னு சொன்னாங்க.

ஆனா ஒரு விஷயம் எனக்குத் தெரியும். மெல்லிசு துணின்னா அந்த மெஷின் நல்லாத் தைக்கும். லைனிங் வச்ச ஜாக்கெட்டுல ரெண்டு மூணு மடிப்பு சேர்ற இடம் வந்தா தையல் விட்டு விட்டு விழும். எத்தனையோ தடவை எனக்கே அப்படி ஆகியிருக்கு. நான் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லைதான், மெஷின் ஓடத்தான் ஓடுச்சு. வீடியோவும் உண்மை. ஆனா வாயில் துணியைத் தேடி எடுத்து வச்சேன் பாருங்க, அதுல இருக்கு என் மனசுல இருந்த கள்ளத்தனம்.

ஸ்ரீரங்கத்துல மேலூர் ரோடு பக்கம் இருந்து ஒரு தங்கச்சி 3,500 ரூபாய்க்கு எடுத்துச்சு. அது குழுவுல 4,000 ரூபாய் உள்கடன் வாங்கி, அதுல இருந்துதான் கட்டுச்சு. மீதி 500 மெஷினை ஏத்திக்கிட்டுப் போன வண்டி வாடகைக்கும் நூலுக்கும் போச்சுன்னு பின்னாடி தெரிஞ்சுது. வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நேரம். ஆடி பதினெட்டுக்குப் புதுசு கட்டணும்னு தெருவுல ஏழு பேர் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்காங்க. ஏழும் லைனிங் ஜாக்கெட்.

ஆடிப்பெருக்கு முடிஞ்ச மறுவாரம் அந்தத் தங்கச்சி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுல சத்திரம் வந்து, அங்கேயிருந்து ஜீயபுரம் பக்கம் வர்ற பஸ் மாறி வந்திருக்கு. சண்டை போடத்தான் வந்திருக்குன்னு எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை, நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அது ஒண்ணுமே சொல்லலை. பையில இருந்து ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் பாய் மேல வச்சுச்சு. அக்குள்கிட்ட தையல் பிரிஞ்சு கிடந்துச்சு. அம்மா மண்டபத்துல காவிரியில பூ விட்டுட்டுத் திரும்பி வரையில, அத்தனை கூட்டத்துல அந்த அம்மாவுக்குக் கைகிட்டப் பிரிஞ்சு போச்சாம். கூலி கொடுக்கலைங்கிறது ஒரு பக்கம், துணிக்கும் காசு கேட்டிருக்காங்க. இன்னொரு ஜாக்கெட்டும் அதே கதை. அதுக்கப்புறம் அந்தத் தெருவுல யாரும் துணி கொடுக்கலையாம்.

"பணத்தைத் திருப்பித் தர்றேன், மெஷினை நானே எடுத்துக்கிறேன்"னு சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "மெஷின் வேணும்க்கா. இந்தக் குறை இருக்குன்னு முன்னாடியே எழுதியிருந்தா 2,500-க்குக் கேட்டிருப்பேன். மீதியில மெக்கானிக்கைக் கூப்பிட்டு முதல்லயே சரி பண்ணியிருப்பேன். எனக்குத் தெரியாமப் போச்சே"ன்னுச்சு.

மெக்கானிக் வந்து பார்த்தார். ஷட்டில் முனை தேய்ஞ்சு மழுங்கிப் போயிருக்கு, அதான் கனமான துணியில ஊசி கொண்டு வர்ற நூலைப் பிடிக்க மாட்டேங்குதுன்னார். புது ஷட்டில், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். அதை நான் கொடுத்தேன், கூட 1,000 ரூபாயும் கொடுத்தேன். துணிக்காசை அது வாங்கிக்கலை. மெஷின் இப்போ நல்லா ஓடுது. ஆனா அந்தத் தெருவுல போன பேரை எத்தனை ஆயிரம் கொடுத்தா வாங்க முடியும்? 650 ரூபாய்க் குறையை நான் மறைச்சதால வந்தது இவ்வளவும்.

அடுத்த மாசக் கூட்டத்துல இதை நானே எழுந்து சொன்னேன். எங்க மாமியார் திட்டினாங்க, வீட்டு மானத்தைச் சபையில வைக்கிறியேன்னு. அப்போ தலைவி அக்காதான், "சரி, இனிமே எல்லாப் பொருளுக்கும் நீயே எழுது, உனக்குத்தான் தெரியும் எங்கே மறைப்பாங்கன்னு"ன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

எழுத ஆரம்பிச்ச பிறகு மத்த ஏலங்கள்ல எப்படி எழுதுறாங்கன்னு பார்க்க ஆரம்பிச்சேன். பேங்க்ல அடகு வச்சுத் திருப்பாத நகைக்கும், கடன் கட்டாத வீட்டுக்கும் பேப்பர்ல ஏல அறிவிப்பு வருமே, அதுல வீட்டு ஏலத்துல "உள்ளது உள்ளபடி"ன்னு ஒரு வார்த்தை இருக்கும். முன்னாடி அதை நான் நேர்மைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அது நேர்மைக்காகப் போடுறது இல்லை. பொருள் எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக்க, பின்னாடி குறை சொல்லிக்கிட்டு எங்ககிட்ட வராதேன்னு அர்த்தம். நம்ம பொன்மலை ரயில்வே பணிமனை 1928-லிருந்து இருக்கு. ரயில்வேயில கழிச்சுப் போட்ட இரும்பு, பழைய சாமானெல்லாம் இப்போ இணையத்துலதான் ஏலம் விடுறாங்க. அதுவும் உள்ளது உள்ளபடிதான். ஆனா எடுக்கிற வியாபாரி முன்னாடியே நேர்ல போய்ப் பார்த்துக்கலாம். லாரியும் அனுபவமும் உள்ளவங்களுக்கு அது சரிப்படும். மேலூர் ரோட்டுல இருந்து கைக்குழந்தையோட ஒரு பொண்ணு ரெண்டு பஸ் மாறி வந்து ஷட்டில் முனையைப் பார்த்துட்டா ஏலம் கேட்கும்? அதனால நம்ம ஏலத்துல "உள்ளது உள்ளபடி"ங்கிற வார்த்தையை நான் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன்.

திருப்பதி தேவஸ்தானத்துல, காணிக்கையா வந்த கைக்கடிகாரம், செல்போன் எல்லாத்தையும் இணைய ஏலத்துல விடுறாங்க. அந்த அறிவிப்புல புதுசு, பயன்படுத்தினது, கொஞ்சம் சேதமானதுன்னு சொல்லித்தான் போடுவாங்க. பெருமாளுக்கு வந்த காணிக்கையிலேயே சேதம் இருக்குன்னு சொல்றாங்க, நம்ம வீட்டு மிக்சிக்கு என்ன வெட்கம்?

அமெரிக்காவுல 1995-ல ஈபேங்கிற ஏலத்தை ஆரம்பிச்சவர் பியர் ஒமிட்யார். அதுல அவர் முதல்ல வித்தது என்னன்னா, உடைஞ்சு போன ஒரு லேசர் விளக்கு. பேனா மாதிரி இருக்கும், சிவப்பா ஒரு புள்ளி அடிக்குமே அது. உடைஞ்சதுன்னு எழுதியே போட்டார். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போச்சு. அன்னிக்கு நம்ம காசுக்கு ஐந்நூறு ரூபாய் மாதிரி வரும். வாங்கினவர்கிட்ட, இது உடைஞ்சதுன்னு தெரியுமான்னு இவரே கேட்டாராம். தெரியும், உடைஞ்ச லேசர் விளக்குகளைத்தான் நான் சேர்க்கிறேன்னாராம் அவர். உலகத்துல எதுக்கும் ஒரு ஆள் இருக்கு. ஆனா அந்த ஆளுக்கு உடைஞ்சதுன்னு தெரியணும்ல.

இப்போ நான் எழுதுற முறையைச் சொல்றேன். "நல்ல கண்டிஷன்" "சூப்பர்" "அதிகம் பயன்படுத்தாதது" இந்த மூணையும் விட்டுட்டேன். நல்லதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். வெளிநாட்டுல பழைய புத்தகம் விக்கிறவங்க "நல்லது"ன்னு போட்டா, நல்லாப் புரட்டித் தேய்ஞ்ச புத்தகம், பக்கம் மட்டும் முழுசா இருக்குன்னுதான் அர்த்தமாம். அதுக்கு மேல ரெண்டு மூணு தரம் வச்சிருக்காங்க. நமக்கு அந்தத் தரமெல்லாம் வேண்டாம். அது என்ன வேலை செய்யுது, என்ன செய்யலைன்னு எழுதினாப் போதும்.

போன தடவை ஒரு கிரைண்டருக்கு இப்படி எழுதினேன்: "ரெண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். வாங்கி ஆறு வருஷம். ஓடுது. ஒரு கிலோ இட்லி அரிசி அரைக்க முன்னாடி 25 நிமிஷம், இப்போ 40 நிமிஷம் ஆகுது. கல் கொத்தணும். மூடியில விரிசல், படம் பார்க்கவும். ஷாக் அடிக்கலை. பில் இல்லை." இதுல 40 நிமிஷம்ங்கிற ஒரு வார்த்தையை எழுதுறதுக்கு அந்த அக்கா வீட்டுல உட்கார்ந்து மாவு அரைச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அவங்க எனக்குத் தோசையும் ஊத்திக் கொடுத்தாங்க.

பட்டுப்புடவைன்னா எத்தனை தடவை கட்டினதுன்னு கேட்பேன், யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. அதனால புடவையை விரிச்சு வெளிச்சத்துக்கு நேரா ரெண்டு பேர் பிடிச்சுப் பார்ப்போம். பீரோவுல ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா மடிப்பு மடிப்பா நைஞ்சிருக்கும். வெளியில பளபளன்னு தெரியும், கட்டி உட்கார்ந்தா கிழியும். அந்த மடிப்பைத்தான் முதல் படமாப் போடுவேன். ஜரிகை அசல் வெள்ளின்னு சொல்லுவாங்க. சோதிச்சுப் பார்க்காத வரைக்கும் "ஜரிகை சோதிக்கவில்லை"ன்னுதான் எழுதுவேன். இதுக்கு ஒரு பெரியம்மா என்கூட இன்னைக்கு வரைக்கும் சரியாப் பேசறதில்லை. அவங்க கல்யாணப் புடவை அது. இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, மன்னிச்சுக்குங்க பெரியம்மா.

பித்தளை அண்டான்னா எடை போட்டு எழுதணும், ஈயம் பூசணுமான்னு எழுதணும், தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி வச்சு ஒழுகுதான்னு பார்த்து எழுதணும். செல்போன்னா பில்லும் பெட்டியும் இருக்கா, ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு நேரம் நிக்குது, இதுதான் முக்கியம். அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் ஏலத்துல எடுக்க மாட்டோம். அது வீட்டுல பயன்படுத்தத்தான் கொடுத்தது, விக்கிறதுக்கு இல்லை. கேஸ் ட்யூபும் ரெகுலேட்டரும் கூட வேண்டாம்னு சொல்லிட்டோம். அதுல குறை எழுதி விக்கிறதுல அர்த்தமே இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

இன்னொண்ணு, சிலர் ஓஎல்எக்ஸ் மாதிரி வெளி இடத்துலயும் போடுறீங்க. போடுங்க. ஆனா பொருளைப் பார்க்காமலே, விலையும் பேசாமலே "உடனே பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு ஒருத்தர் சொன்னா உஷாரா இருங்க. பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டா நம்ம பணம்தான் போகும். தெரியாம நடந்துட்டா அழுதுக்கிட்டு உட்காராம உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

குறையை எழுதினா விலை குறையுமேன்னு கேட்கிறீங்க. குறையும். இல்லைன்னு நான் சொல்லலை. அந்த கிரைண்டர் 1,800-க்குத்தான் போச்சு. ஒண்ணும் எழுதாம விட்டிருந்தா 2,500 வந்திருக்கலாம். அந்த அக்காவுக்கு அன்னைக்கு முகம் சுண்டிப் போச்சு, எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா வாங்கினவங்க கல்லைக் கொத்தி இட்லி மாவு வியாபாரம் பண்றாங்க, ஒரு தடவைகூட நம்மகிட்ட வந்து நிக்கலை. அந்த 700 ரூபாய் விஷயத்துல நான் செஞ்சது சரியா தப்பான்னு வீட்டுக்காரர் இன்னும் என்கூட வாதம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கார்.

மெஷின் வாங்கின தங்கச்சி இப்போ நம்ம ஏலக் குழுவுல இருக்கு. துணி சம்பந்தப்பட்டது எல்லாத்தையும் அதுதான் பார்த்து எழுதுது. என்னைவிடக் கறாரு. போன மாசம் என் புடவை ஒண்ணைப் போட்டேன், "முந்தானையில எண்ணெய்க் கறை, துவைச்சும் போகலை"ன்னு நானே கவனிக்காததை எழுதிப் போட்டுடுச்சு.

வர்ற ஞாயிறு ஏலத்துக்கு இதுவரைக்கும் வந்திருக்கிறது: இரும்புக் கட்டில் ஒண்ணு, கால் ஒண்ணு ஆடும். குழந்தை சைக்கிள் ஒண்ணு, பின் டயர் மாத்தணும். குத்துவிளக்கு ஒரு ஜோடி, மூணு கிலோ 200 கிராம், ஒண்ணுல மேல் பறவை இல்லை. பார்க்கணும்னா சனிக்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்துல பத்து மணிக்கு மேல வரலாம்.