இடாப்பும் பெயரும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள களுதாவளையிலிருந்து பஸ் ஏறி இங்கே படிக்க வந்தவள் நான். வைத்தியரான பிறகு மருத்துவத் தகவலியலும் படித்தேன். "டொக்டருக்கு எதற்குக் கைபேசிச் செயலி?" என்று கேட்கும் தங்கைமாருக்கே இந்தப் பேச்சு.

ஜனவரியில் நமது ரீச்சர் புதிய இடாப்பில் கோடு போட்டு, பெயர், பிறந்த திகதி என்று தலைப்பிடுவார். அப்போது அதில் ஒரு பிள்ளையும் இல்லை. பெயர் எழுதிய பிறகே பிள்ளை இடாப்புக்குள் வருகிறாள். செயலியின் தரவுத்தளமும் அப்படித்தான். கோடு போடுவது வகையை விவரிப்பது. பெயர் எழுதுவது பதிவை உருவாக்குவது. உருவாக்கியதைச் சேமிக்காவிட்டால், துண்டுத் தாளில் எழுதி இடாப்பில் ஏற்றாத பெயர்போல அது மறைந்துவிடும்.

2020இன் தொடக்கத்தில் கொவிட் பரவியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டி.எச்.ஐ.எஸ்.2 மென்பொருளில் நம் நாட்டவர் பயணிகளுக்கான பதிவுமுறையை அமைத்தார்கள். பல நாடுகள் அதைப் பின்பற்றின. அங்கும் எந்தெந்த விவரம், எந்த வகையில் என்று வரையறுத்த பிறகே முதற் பயணியின் பதிவு உள்ளே போனது.

வரையறையில் பிழைத்தால் என்ன நடக்கும்? ஒரு கிளினிக்கில் பரீட்சித்த சிறு செயலிக்கு நானும் உதவினேன். குழந்தையின் நிறை ஓர் எண் என்று விவரித்தோம். வெறுமையாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. அதனால் நிறுக்காத குழந்தைக்குச் செயலி பூச்சியம் போட்டது. பூச்சியங்களைப் பிழையென்று கழித்துவிட்டு, 2500 கிராமுக்குக் குறைந்தவர்களின் பட்டியலை எடுத்தோம். மிஸி அந்தப் பட்டியலுடன் வீடு வீடாகப் போனார்.

சில வாரங்களின் பின் ஒரு தாய் மெலிந்த குழந்தையோடு வந்தார். "எங்கட வீட்டுக்கு மட்டும் ஏன் மிஸி வரல்ல, டொக்டர்?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. குழந்தை தேறிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

கொட்லின் மொழியில் வகையின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இட்டால், "இது வெறுமையாகவும் இருக்கலாம்" என்று பொருள். நாங்கள் விட்டது அந்த ஒரு குறியைத்தான். நிறுக்கவில்லை என்பது வேறு. நிறை பூச்சியம் என்பது வேறு.

தங்கைமாரே, உங்களில் பலர் நாளை செயலி எழுதுவீர்கள். கோடு போடும்போதே, அந்த வரியில் வரப்போகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால், யாராவது அதைக் கண்டு தேடிப் போவார்கள்.