பிள்ளைக்கு ஒரு கிளாரினெட்

(ஆலய இசை வகுப்பு மாணவர்களின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளி வாத்தியக் குழுக்களில் பிள்ளைகளுக்குக் கிளாரினெட் பழக்கிக் காலம் கழித்தவன் நான். "எதை வாங்கலாம் சார், எவ்வளவு ஆகும்?" என்று என்னைக் கேட்காத பெற்றோர் குறைவு. இவ்வாண்டு நம் அறப்பணிக் குழுவும் வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கருவி வழங்க எண்ணியிருப்பதாகச் செயலாளர் கூறினார். ஆகவே அதையே இன்று பேசலாம் என்று வந்தேன்.

வெள்ளைக்காரர் வாத்தியத்துக்கு ஆலயத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் டென்னர் என்ற கைவினைஞர் 1700-ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய கருவி இது. 19-ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூருக்கு வந்துவிட்டது. மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர்க் கச்சேரியில் சேர்த்தார். பின்னாளில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதில் முழுக் கர்நாடக இசைக் கச்சேரியே வாசித்தார். 2008-ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதும், 2022-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. ஆக, இது நமக்கு அந்நியமான வாத்தியம் அன்று.

சரி, பிள்ளைக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் பிள்ளையைப் பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம். முன்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைத்திருக்க வேண்டும். மேல்பற்கள் ஊதுவாயின் மேல் ஊன்றி நிற்கின்றன அல்லவா? அடுத்து விரல்கள். துளைகளை விரல் நுனிச் சதை இடைவெளி இன்றி மூட வேண்டும். கருவியின் பாரம் முழுவதையும் வலக்கைக் கட்டைவிரல் தாங்குகிறது. பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில் இவை கூடி வரும். கட்டைவிரல் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் கழுத்துப் பட்டை ஒன்று மாட்டிவிடுங்கள்.

பள்ளி வாத்தியக் குழுவில் சேரும் பிள்ளைக்கு வேண்டியது 'பி பிளாட்' கிளாரினெட். மரத்தில் செய்ததா, பிளாஸ்டிக்கா என்பது அடுத்த கேள்வி. தேர்ந்த கலைஞர்கள் கருங்காலி போன்ற கறுப்பு ஆப்பிரிக்க மரத்தில் செய்ததை விரும்புவார்கள். அதன் விலை பல ஆயிரம் வெள்ளி. குளிர்சாதன அறையின் குளிர் வெளியிலும், மூச்சின் சூடும் ஈரமும் உள்ளேயும் தாக்கும்போது புது மரம் வெடிக்கக்கூடும். தொடக்க மாணவருக்கு உறுதியான பிளாஸ்டிக் கருவியே போதும். அது வெடிக்காது, வெயிலில் நடக்கும் ஊர்வலத்துக்கும் ஏற்றது.

ஆனால் பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. ஒரு தாய் தம் மகளை என்னிடம் அழைத்து வந்தார். சிவப்பு நிறத்தில் பளபளக்கும் மலிவான கருவி. ஆறு மாதமாகியும் கீழ்ச் சுரங்கள் பேசவில்லை. கிறீச்சென்ற ஓசைதான் வந்தது. "இவளுக்கு வராது போல இருக்கு சார், நிறுத்திடலாமா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை தலை குனிந்து நின்றது. என் கருவியில் அவளுடைய ஊதுவாயைப் பொருத்திக் கொடுத்தேன். முதல் ஊதலிலேயே கீழ்ச் சுரம் கனிந்து வந்தது. அவள் கருவியில் இரண்டு பேடுகள் சரியாக மூடாமல் காற்று கசிந்துகொண்டிருந்தது. குறை கருவியில் இருந்தது. பழியோ ஆறு மாதம் பிள்ளையின் மேல் இருந்தது.

பெரியோர்களே, இதைத்தான் நான் வலியுறுத்த வந்தேன். கருவி சரியில்லை என்று பிள்ளைக்குத் தெரியாது. தனக்கு வரவில்லை என்றுதான் அது நினைக்கும். அப்படி நினைத்து விட்டுப்போன பிள்ளைகள் எத்தனையோ.

வாங்குமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. மேல் பகுதியை மட்டும் கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். காற்று இறுகப் பிடித்து நின்றால் நல்லது. உடனே தளர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. முடிந்தால் ஆசிரியரையே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பவர் தொட மறுக்கும் புதுக் கருவியைவிட, அவர் சீர்செய்து கொடுத்த பழைய நல்ல கருவி மேல்.

கருவியோடு செலவு முடிவதில்லை. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல, கிளாரினெட்டுக்கு ரீட் எனும் ஒற்றை நாணல் பட்டை. தொடக்கத்தில் இரண்டு அல்லது இரண்டரை எண் ரீட் போதும். நுனி உடைந்தால் அதை எறிந்துவிட வேண்டியதுதான். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பேடுகள் ஊறிக் கெடும்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆலயத்துக்கு விளக்கு வாங்கித் தர முன்வருவோர் உண்டு. அந்த விளக்கு எரிய நாள்தோறும் எண்ணெய் வேண்டும். கருவிப் பெட்டியின் மேல் உங்கள் பெயரைப் பொறிக்கலாம்; ரீட்டின் மேல் பொறிக்க இடமில்லை. இருந்தாலும் ரீட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கருவிகள் ஆலயத்தின் உடைமையாகவே இருக்கட்டும். ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பு முடித்ததும் அதைச் சீர்செய்து அடுத்த பிள்ளையிடம் கொடுக்கலாம். பத்து கருவிகளை நன்றாகப் பேணினால், ஆண்டுகள் செல்லச் செல்லப் பல பிள்ளைகள் அவற்றில் பயில்வார்கள்.

பெற்றோர்களே, விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். பளபளப்பைக் கண்டு மயங்கவும் வேண்டாம். பிள்ளை ஊதும் மூச்சு வீணாகாத கருவியைக் கொடுங்கள். மீதியைப் பிள்ளையின் உழைப்பும் இறைவன் அருளும் பார்த்துக்கொள்ளும்.