பேசாத் தலைமை பெற்ற பாடம்

(புத்தளம் கரையோர மக்கள் முன் நிகழ்த்தப்பெற்ற உரை)



தேர்தலிலே ஒரு கட்சி தோற்பது புதுமையன்று. இன்று வென்றவர் நாளை தோற்பர். குடியாட்சியின் இயல்பு அது. ஆனால், நான்கே ஆண்டுகளில் ஒரு பெருங்கட்சி இருந்த இடந் தெரியாமற் போவது அரிது. அத்தகைய வீழ்ச்சியை நாம் கண்ணாரக் கண்டோம். அதன் காரணத்தை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2019 நவம்பரில் 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று கோட்டாபய இராஜபக்ச சனாதிபதியானார். 2020 ஆகஸ்ட் 5 பொதுத் தேர்தலில் அவரது பொதுசன பெரமுன 68 இலட்சம் வாக்குகளையும் 145 ஆசனங்களையும் பெற்றது. நமது புத்தளம் மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்து அதற்கே கிடைத்தன. 2024 நவம்பர் 14 தேர்தலில் அதே கட்சி நாடு முழுவதிலும் பெற்ற வாக்குகள் மூன்றரை இலட்சம், ஆசனங்கள் மூன்று. புத்தளத்தில் ஓர் ஆசனமும் இல்லை.

“பொருளாதாரம் நொறுங்கியது, அதனாலே தோற்றனர், இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்பர். பொருளாதாரம் நொறுங்கியது உண்மையே. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தனர். பின்னர் பெருந்தொற்று வந்து சுற்றுலா வருமானத்தை அடைத்தது. டொலர் தீர்ந்தது. எனினும், துன்பம் எல்லா அரசாங்கங்களுக்கும் வரும். துன்பத்தை மக்களிடம் முன்கூட்டிச் சொல்லி, காரணத்தை விளக்கி, அவர்தம் குறையைக் கேட்டு நடப்பவனை மக்கள் பொறுத்துக்கொள்வர். கேளாதவனையும் சொல்லாதவனையும் பொறுக்கமாட்டார்கள். நம் கரையோரத்திலே நடந்தவையே இதற்குச் சான்று.

முதலாவது, ஜனாஸா விவகாரம். பெருந்தொற்றில் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி வகுத்தனர். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், ஏன் கூடாது என்பதற்கு முஸ்லிம் மக்கள் ஏற்கத்தக்க விளக்கம் எவரும் தரவில்லை. 2021 பெப்ரவரி 10 அன்று, அடக்கத்துக்கு அனுமதி தரப்படும் என்று பிரதமர் பாராளுமன்றத்திலே சொன்னார். மறுநாளே, நிபுணர் குழுதான் முடிவு செய்யவேண்டும் என்று அரசாங்கத் தரப்பிலிருந்தே வேறொரு குரல் எழுந்தது. பிரதமர் சொல் ஒரு நாளேனும் நிற்கவில்லை! பெப்ரவரி 25 அன்றுதான் வர்த்தமானி வந்தது. அதன் பின்னும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கே உடல்களைக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. மேற்குக் கரையில் இறந்த தந்தையைக் கிழக்கிலே புதைத்துவிட்டு வந்த மகன், அந்த ஆட்சியை எங்ஙனம் மறப்பான்?

இரண்டாவது, பசளைத் தடை. பத்தாண்டுகளிற் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றே தேர்தல் விஞ்ஞாபனம் கூறியது. ஆனால் 2021 மே 6 அன்று இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் நிறுத்தப்பட்டது. பத்தாண்டு எங்கே, ஒரு நாள் எங்கே?

கற்பிட்டித் தோட்டங்களை நாம் அறிவோம். அது மணற்பாங்கான நிலம். இட்ட உரம் நீரோடு வடிந்து கிணற்றைச் சேரும். அவ்வூர்க் கிணற்று நீரிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றனர். ஆகவே, பசளையைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணத்திலே நியாயம் இல்லாமலில்லை. ஒரு தலைவர் கற்பிட்டிக்கு வந்து, “உங்கள் பிள்ளைகள் குடிக்கும் நீருக்காகக் கேட்கிறேன், சிறிது சிறிதாகக் குறைப்போம், நட்டத்தை அரசாங்கம் தாங்கும்” என்று சொல்லியிருந்தால், வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் நம் விவசாயி காது கொடுத்துக் கேட்டிருப்பான். அவ்விதம் சொல்ல ஆளில்லை. நல்ல நோக்கமும் கெட்ட பெயர் பெற்றது. 2021 நவம்பரில் தடையை நீக்கினர். அது தவறு என்று சனாதிபதியே ஒப்புக்கொண்டது 2022 ஏப்ரலில். அதற்குள் ஒரு போகம் அழிந்துவிட்டது.

மூன்றாவது, எரிபொருளும் மின்சாரமும். 2022 முற்பாதியில் மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையிலே கிடந்தன. உடப்பிலும் கற்பிட்டியிலும் கடற்றொழிலாளர் கேட்டது தானமன்று, “எண்ணெய் எப்போது வரும்?” என்ற ஒரு விடை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தது. 900 மெகாவாற்று அனல்மின் நிலையத்தைத் தம் மண்ணிலே தாங்கி நிற்கும் நுரைச்சோலை மக்களும் இருளிலே இருந்தனர். எத்தனை நாள் இருள் என்று நாட்டின் தலைவர் நேரிற் சொன்னாரா? சொல்லவில்லை.

அதிகாரம் குறைவாயிருந்ததாலா இந்த நிலை? இல்லை. 2020 அக்டோபரில் நிறைவேறிய 20 ஆவது திருத்தம் அளவற்ற அதிகாரத்தை அவரிடம் குவித்தது. தம் வாய்மொழி உத்தரவையே சுற்றறிக்கையாகக் கொள்ளுமாறு அதிகாரிகளுக்கு அவர் கூறியதும் உண்டு. மேலிருந்து உத்தரவு இறங்கிற்று. கீழிருந்து குறை ஏறிச்செல்ல வழியில்லை. வெளிப்படையாகக் குறை கூறிய கூட்டணி அமைச்சர் இருவர் 2022 மார்ச்சில் நீக்கப்பட்டனர். ஊரிலே நடப்பதை மேலே சொல்லவேண்டிய கட்சி உறுப்பினர் வாய்மூடியிருந்தனர். அதிகாரம் மிகுந்த தலைமைதான் வலிய தலைமை என்று எண்ணியோர் இதைக் கண்டாவது தெளியவேண்டும். மன்னன் மக்கள் காண்பதற்கு எளியவனாயிருத்தலை வள்ளுவர் ஆட்சியின் சிறப்பாக வைத்தது வீணன்று.

முடிவும் அதற்கேற்பவே அமைந்தது. 2022 ஜூலை 9 அன்று மக்கள் சனாதிபதி மாளிகையுள் நுழைந்தனர். பதவி விலகுவார் என்ற செய்தியைக்கூட நாடு சபாநாயகரின் வாயிலாகவே அறிந்தது. 13 ஆம் நாள் நாட்டைவிட்டு வெளியேறினார். விலகற் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது.

இது பழைய கதை என்று எவரும் அயர்ந்திருத்தல் ஆகாது. 2024 நவம்பரில் 61 வீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் 43 வீத அளவிலே நின்றது. உள்ளூர்த் தேர்தல் வேறு, நாட்டுத் தேர்தல் வேறு என்பது சரியே. ஆயினும், மக்கள் தந்தது கடன். கொடையன்று என்பதை ஆளுங்கட்சியும் அறியவேண்டும், எதிர்க்கட்சிகளும் அறியவேண்டும், நம் வாக்கைக் கேட்டுவரும் தமிழ், முஸ்லிம் கட்சிகளும் அறியவேண்டும்.

ஆகவே, இனி நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் மூன்று கேட்போம். நம் தொழிலைத் தொடும் எந்த ஆணையையும் பிறப்பிக்கு முன் எம்மிடம் சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. ஆதலால் தமிழிலே சொல்லுங்கள். சொல்லியபின் எங்கள் மறுமொழியைக் கேட்க ஊருக்கு வாருங்கள். இவற்றுக்கு இணங்காதவர் எக்கொடி பிடித்து வரினும், அவருக்கு நம் வாக்கு இல்லை என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவு நம்மிடம் இருந்தால், தலைமைகள் தாமாகவே பேசக் கற்றுக்கொள்ளும்.